கீழே விழுந்தவருக்கு யார் கொடுப்பது?

இங்கிலாந்தின் டெர்பி நகரம். ஆகஸ்ட் மாதம், மாலை எட்டு மணி. வீடுகளில் அப்போதுதான் மெழுகுவர்த்தி ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். தன் வீட்டைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்த ஃபாரெஸ்டர் என்பவர் சாலையின் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டு வைத்திருந்தார். அருகிலிருந்த மதுக்கடையிலிருந்து புறப்பட்ட பட்டர்ஃபீல்ட் என்பவர் குதிரையை விரட்டிக் கொண்டு வந்தார். கம்பத்தில் மோதினார். குதிரையும் விழுந்தது, அவரும் விழுந்தார். பலத்த காயம்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. சாலையை மறித்தது ஃபாரெஸ்டரின் தவறு, அதில் சந்தேகமில்லை. பட்டர்ஃபீல்ட் குடித்திருந்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லை. ஆனால் நூறு கஜ தூரத்திலிருந்தே கம்பத்தைப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது என்று சாட்சி சொன்னார்கள். மெதுவாக வந்திருந்தால் தப்பியிருக்கலாம். 1809-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. குதிரையில் வந்தவருக்கு ஒரு காசும் இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் குதிரைக் கதை, இன்று கிள்ளானிலும் சுங்கைப் பட்டாணியிலும் விபத்தில் கால் முறிந்து கிடக்கும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காப்புறுதி நிறுவனம் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி அந்த வழக்கிலிருந்துதான் வருகிறது. எலும்பு எத்தனை இடத்தில் முறிந்தது என்பது பிறகு. தவறு யாருடையது, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதுதான் முதலில்.

மலேசியச் சாலைகளில், பெருந்தொற்று ஆண்டுகளைத் தவிர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டு வருகிறார்கள். அவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள், அல்லது பின்னால் அமர்ந்திருந்தவர்கள். உயிர் பிழைத்துக் கை கால் இழந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நம் சமூகத்தில் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் காவல் வேலைக்கும் 'கப்சாய்' வண்டியில் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்தச் சட்டம் எப்படி வளர்ந்தது என்பது வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று.

பழியைப் பங்கு போட்ட சட்டம்

பட்டர்ஃபீல்ட் தீர்ப்பின் கொடுமை என்ன? காயமடைந்தவர் மீது கொஞ்சம் தவறு இருந்தாலே போதும், முழு இழப்பீடும் போய்விடும். எதிரி தொண்ணூறு பங்கு தவறு செய்திருந்தாலும் கணக்கு அதேதான். இந்த விதியை உடைக்க இங்கிலாந்துக்கு 136 ஆண்டுகள் பிடித்தன. இடையில் நீதிபதிகள் ஏதேதோ சந்துகளைக் கண்டுபிடித்து அதன் கூர்மையைக் குறைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 1945-இல்தான் நாடாளுமன்றம் தெளிவான சட்டம் இயற்றியது. இருவரும் தவறு செய்திருந்தால் பழியைப் பங்கு போடு, காயமடைந்தவரின் பங்கை மட்டும் தொகையிலிருந்து கழி, மிச்சத்தைக் கொடு.

மலாயாவில் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அதே ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அன்றிலிருந்து செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடக்கும் விபத்து வழக்குகள் பெரும்பாலும் விழுக்காட்டுச் சண்டைதான். லாரிக்கு எண்பது, மோட்டார் சைக்கிளுக்கு இருபது. அல்லது பாதிக்குப் பாதி. ஒரு இலட்சம் ரிங்கிட் பெறுமானமுள்ள காயத்தில் இருபது விழுக்காடு என்பது இருபதாயிரம் ரிங்கிட். காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த இருபதுக்காக அரை நாள் குறுக்கு விசாரணை செய்வார். அது அவருடைய வேலை. இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

தலைக்கவசமும் இந்தப் பங்கீட்டுக்குள் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் ஒ'கானல் எதிர் ஜாக்சன் என்றொரு வழக்கு. சிறு மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் போனவரை ஒரு கார் மோதியது. மோதலுக்கு முழுக் காரணம் கார்தான். ஆனாலும் தலைக்கவசம் அணிந்திருந்தால் தலைக் காயம் குறைந்திருக்கும் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971-இல் இழப்பீட்டில் 15 விழுக்காட்டைக் கழித்தது. அப்போது அங்கே தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம்கூட இல்லை. பிறகு 1989-இல் கேப்ஸ் எதிர் மில்லர் வழக்கு. இந்த முறை தலைக்கவசம் இருந்தது. வாரை மட்டும் மாட்டவில்லை. மோதலில் அது கழன்று பறந்துவிட்டது. கழிவு 10 விழுக்காடு. பக்கத்துக் கடைக்குத்தானே என்று வாரைத் தொங்கவிட்டுக் கொண்டு போகும் நம்மவர்கள் இந்த இரண்டாவது வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மலேசியாவில் தலைக்கவசம் 1973-இல் கட்டாயமாக்கப்பட்டது.

திவாலான நிறுவனத்தின் பணம்

யார் தவறு என்று தீர்ப்பு வாங்கியாயிற்று. மோதியவர் ஏழையாக இருந்தால்? தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். மோட்டார் வாகனங்கள் பெருகிய 1920-களில் இங்கிலாந்து இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. காப்புறுதி வைத்திருந்த ஓட்டுநர் மோதினால்கூடப் பணம் வந்து சேரும் என்பது நிச்சயமில்லாமல் இருந்தது.

ஹாரிங்டன் மோட்டார் நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சரியான சான்று. அந்த நிறுவனத்தின் கார் ஒருவரைக் காயப்படுத்தியது. அவர் வழக்காடி வென்றார். ஆனால் அதற்குள் நிறுவனம் திவாலாகிவிட்டது. காப்புறுதி நிறுவனம் நேர்மையாகத்தான் பணத்தைக் கொடுத்தது. யாரிடம்? திவாலான நிறுவனத்தின் கணக்கைத் தீர்ப்பவரிடம். இந்தப் பணம் என் காயத்துக்காக வந்தது, என்னிடம் கொடுங்கள் என்று காயமடைந்தவர் கேட்டார். முடியாது என்றது நீதிமன்றம். காப்புறுதி ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் காப்புறுதியாளருக்கும் இடையில் உள்ளது. நீங்கள் அதில் ஒரு தரப்பு அல்ல. மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நின்று உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. காயத்துக்கான பணம் அந்த நிறுவனத்தின் மற்றக் கடன்களை அடைக்கப் போனது. இது நடந்தது 1928-இல்.

இரண்டே ஆண்டுகளில் இரண்டு சட்டங்கள் வந்தன. 1930-இல் வந்த ஒரு சட்டம், காப்பு எடுத்தவர் திவாலானால் காப்புறுதிப் பணத்தின் மீதான உரிமை காயமடைந்தவருக்கே மாறும் என்றது. அதே ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் யாரும் சாலையில் வாகனம் ஓட்டக் கூடாது என்றது. 1934-இல் இன்னொரு படி. காயமடைந்தவர் ஓட்டுநருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிட்டால், அந்தத் தொகையைக் காப்புறுதி நிறுவனமே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று.

யார் இந்த 'மூன்றாம் தரப்பு'? இதில்தான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். சாலை வரி எடுக்கும்போது மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதியும் சேர்த்து எடுக்கிறோமே, அது நம் காலுக்குத்தானே என்று நினைக்கிறார்கள். இல்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் முதல் தரப்பு வண்டிக்குக் காப்பு எடுத்தவர். இரண்டாம் தரப்பு நிறுவனம். மூன்றாம் தரப்பு, அந்த வண்டியால் அடிபட்டவர். உங்கள் காப்புறுதி நீங்கள் மோதியவருக்குக் கொடுக்கும். உங்களுக்குக் கொடுக்க வேண்டியது உங்களை மோதிய வண்டியின் காப்புறுதி. நீங்களாகவே மழையில் வழுக்கி விழுந்தால், தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்று தனியாக எடுத்து வைத்திருந்தாலொழிய, எந்த நிறுவனமும் கொடுக்காது. சாலைக் குழியில் விழுந்தால் அந்தச் சாலையைப் பராமரிக்க வேண்டிய தரப்பின் மீது வழக்குப் போடலாம். அது அரசாங்கத் துறையாகவோ ஊராட்சி மன்றமாகவோ இருந்தால், 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் போட்டாக வேண்டும்.

தொண்ணூற்றாறாம் பிரிவு

1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' வண்டியை வெளியிட்டது. நம் 'கப்சாய்'களுக்கெல்லாம் மூதாதை அதுதான். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். சைக்கிள் மிதித்துக் கொண்டிருந்த தொழிலாளிக்கு அதன் பிறகு மோட்டார் சைக்கிள் எட்டும் தூரத்துக்கு வந்தது. அதே 1958-இல்தான் மலாயாவின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இயற்றப்பட்டது. அதில் இருந்த காப்புறுதிப் பகுதி, 1930-லும் 1934-லும் இங்கிலாந்து போட்ட பாதையிலேயே சென்றது. 1970-களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடம் போட்டார்கள். சாலை மாறியது; காப்புறுதிப் பகுதியின் எலும்புக்கூடு மாறவில்லை. 1988 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் அது அப்படியே குடியேறியது.

அந்தச் சட்டத்தின் 96-ஆவது பிரிவுதான் காயமடைந்தவரின் பெரிய ஆயுதம். காப்பு எடுத்தவருக்கு எதிராகத் தீர்ப்பு கிடைத்துவிட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். காப்பு எடுத்தவர் விதி மீறினார், ஆகவே ஒப்பந்தத்தை இரத்து செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நிறுவனம் சொன்னாலும், முதலில் மூன்றாம் தரப்புக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு காப்பு எடுத்தவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள், வண்டி என்ன நிலையில் இருந்தது, ஓட்டியவரின் வயது என்ன என்பன போன்ற நிபந்தனைகளைக் காட்டி மூன்றாம் தரப்பைக் கைவிட முடியாது என்று 95-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆனால் இந்த ஆயுதத்துக்கு ஒரு பூட்டும் உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்ட ஏழு நாட்களுக்குள்ளோ, வழக்கு பற்றிய அறிவிப்பு காப்புறுதி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் 96-ஆவது பிரிவின்படி நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. ஏழு நாள்! காலில் இரும்புக் கம்பி பொருத்தி வார்டில் படுத்திருப்பவருக்கு இந்த விவரத்தை யார் போய்ச் சொல்வார்கள்? இன்னொன்றும் உண்டு. காப்பு எடுக்கும்போது முக்கியமான தகவலை மறைத்தார்கள் என்று காட்டி, ஒப்பந்தமே செல்லாது என்ற தீர்ப்பை நிறுவனம் தனி வழக்கில் குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கிவிட்டால் அதற்கும் ஒரு வாசல் திறக்கிறது. காயமடைந்தவர் தன் வழக்கை மட்டும் கவனித்துக்கொண்டு இந்த இரண்டாவது வழக்கைக் கவனிக்காமல் விட்டால், கையில் தீர்ப்பு இருக்கும், பணம் இருக்காது.

மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றால்? இங்கிலாந்தில் 1937-இல் ஒரு குழு இதை ஆராய்ந்து பொது நிதி வேண்டும் என்றது. போர் முடிந்து 1946-இல் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து மோட்டார் காப்புறுதியாளர் கழகத்தை அமைத்தன. மேற்கு மலேசியாவில் அதே போன்ற கழகம் 1968-இல் போக்குவரத்து அமைச்சருடன் செய்த ஒப்பந்தத்தின் வழி வந்தது. சிங்கப்பூரில் 1975-இல் வந்தது. இதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே, அவனிடம் 'இன்சூரன்ஸ்' இல்லையாம், விட்டுவிடலாம் என்று வழக்கைக் கைவிட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

ஒரு காலுக்கு எத்தனை ஆண்டு?

இழப்பீட்டுத் தொகையின் கதை இன்னும் சுவையானது, கசப்பானதும்கூட. காயத்தின் வலிக்கு ஒரு தொகை. அதற்கு 2010 முதல் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பயன்படுத்தும் ஒரு தொகுப்பு நூல் இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தால் இத்தனை முதல் இத்தனை வரை, கண் போனால் இத்தனை என்று அதில் வரிசையாக இருக்கும். 2018-இல் திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் பெரிய தொகை வலியில் இல்லை. இழந்த சம்பாத்தியத்தில் இருக்கிறது. அதில்தான் நாடாளுமன்றம் கை வைத்தது.

1981-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கம்மல் எதிர் வில்சன் வழக்கில், இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தை அவருடைய சொத்தின் சார்பில் கோரலாம் என்றது. காப்புறுதி நிறுவனங்கள் கலங்கின. இங்கிலாந்து அடுத்த ஆண்டே சட்டம் போட்டு அதை மூடியது. மலேசியா 1984-இல் சிவில் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தக் கோரிக்கையை மூடியதோடு நிற்கவில்லை. உயிரோடு இருப்பவரின் எதிர்காலச் சம்பளத்துக்கும் நீதிபதி எத்தனை ஆண்டைப் பெருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டது. முப்பது வயதும் அதற்குக் குறைவும் என்றால் 16. முப்பத்தொன்று முதல் ஐம்பத்து நான்கு வரை என்றால், 55-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். ஐம்பத்தைந்தைத் தொட்டுவிட்டால் ஒன்றுமில்லை.

நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் இனி வேலை செய்ய முடியாமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். செலவு கழித்து மாதம் 1,500 ரிங்கிட் நிற்கிறது. 55-இல் 40 போனால் 15. அதில் பாதி ஏழரை. ஏழரை ஆண்டுச் சம்பளம் 135,000 ரிங்கிட். அவர் எழுபது வயது வரை வாழ்ந்தாலும் கணக்கு அவ்வளவுதான். பதினெட்டு வயதில் இரண்டு காலையும் இழந்த பையனுக்கும் பதினாறு ஆண்டுக்கு மேல் பெருக்க முடியாது. விபத்துக்கு முன் சம்பாதித்துக் கொண்டிருந்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த நிரூபணமே பெரிய மலை.

2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. இழப்பீட்டுச் சட்டமோ 55-இலேயே நின்றது. ஐம்பத்தாறு வயதுக் காவலாளி வேலைக்குப் போகலாம், வரலாம், சம்பளம் வாங்கலாம். வழியில் லாரி மோதிப் படுத்துவிட்டால், எதிர்காலச் சம்பளம் அவருக்குச் சட்டப்படி பூஜ்யம். இந்த முரண்பாடு ஆறு ஆண்டுகள் நீடித்தது. நாடாளுமன்றம் இதை ஒரே நாளில் சரிசெய்திருக்க முடியும். செய்யவில்லை. 2019 செப்டம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம்தான் 55-ஐ 60 ஆக்கியது. அதே நாற்பது வயதுத் தொழிலாளிக்கு இப்போது பத்து ஆண்டு, 180,000 ரிங்கிட். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குத் துயரத்துக்காகக் கொடுக்கும் தொகையும் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆனது. முப்பது வயதுக்கான 16 மட்டும் அசையவில்லை.

வழக்கறிஞர் வேண்டாம் என்ற யோசனை

இவ்வளவு சிக்கல் எதற்கு? தவறு யாருடையது என்று கேட்காமலேயே கொடுத்துவிட்டால் என்ன? 1974 முதல் நியூசிலாந்து அப்படித்தான் செய்கிறது. மலேசியாவிலேயே வேறொரு கதவில் அது நடக்கிறது. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால், யார் தவறு என்று சொக்சோ கேட்பதில்லை. 2017-இல் சுயதொழில் செய்பவர்களுக்கும் தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கென்று தொடங்கிய அது, பிறகு உணவு விநியோகம் செய்யும் மோட்டார் சைக்கிளோட்டிகள் வரை விரிந்தது. சொக்சோ கொடுத்துவிட்டதே என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மோதிய வண்டியின் காப்புறுதி நிறுவனத்தின் மீதான கோரிக்கை வேறு, இது வேறு.

2010-இல் பேங்க் நெகாரா ஒரு திட்டத்தை முன்வைத்தது. அடிப்படை மோட்டார் காப்பு என்று பெயர். சந்தா குறைவாக இருக்கும், பணம் விரைவாகக் கிடைக்கும், வழக்காட வேண்டியதில்லை. ஆனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கும். வழக்கறிஞர் மன்றம் கடுமையாக எதிர்த்தது. தங்கள் பிழைப்புப் போகிறதே என்று எதிர்க்கிறார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் வழி அடைபட்டால், நிறுவனம் சொல்லும் தொகைக்குத் தலையாட்டுவதைத் தவிரக் காயமடைந்தவருக்கு வேறு வழியில்லை என்ற அவர்களின் வாதத்துக்கு அன்று யாரும் சரியான பதில் சொல்லவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. 2012 ஜனவரியில், சந்தாவைப் படிப்படியாக உயர்த்தும் வேறொரு ஏற்பாடு வந்தது. சாலை விபத்து வழக்குகளில் தொகைக்கு வரம்பில்லாமல் தீர்ப்பளிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்திடமே இருக்கிறது.

வழக்கறிஞரிடம் போவதற்கும் பணம் வேண்டுமே? 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, வென்றால் மட்டும் கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதைத் தடுக்கிறது. பிறர் வழக்கில் பங்கு போட்டு இலாபம் பார்க்கும் இடைக்கால இங்கிலாந்துப் பிரபுக்களைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதியின் பேரப்பிள்ளை அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சட்டம் மூடிய இடத்தில் 'ஏஜெண்டு' முளைத்தார். மருத்துவமனை நடைபாதையில், விபத்துப் பிரிவு வாசலில், நம் மொழியிலேயே அன்பாகப் பேசிக்கொண்டு வருவார். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார். வழக்கு முடிந்து வரும் பணத்தில் தனக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார். அவருக்கு எந்தச் சட்டமும் உரிமம் கொடுக்கவில்லை. அவரைக் கேள்வி கேட்க எந்த மன்றமும் இல்லை. வழக்கறிஞர் தவறு செய்தால் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு எழுதலாம்.

மறுபுறம் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் வருவார். அவரும் அன்பாகத்தான் பேசுவார். மாலை வெயில் கண்ணில் அடித்ததா அண்ணே என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால் அது எழுத்தில் ஏறும். ஈராண்டு கழித்து நீதிமன்றத்தில், அன்று நூறு கஜத்தில் தெரிந்த கம்பம்போல, அந்த வெயில் திரும்பி வரும். முழுத் தீர்வு என்று எழுதிய தாளில் ஐயாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், ஆறு மாதம் கழித்து இடுப்பு எலும்பு மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது திரும்பிப் போக வழி இருப்பது அரிது. போலீஸ் புகாரை 24 மணி நேரத்துக்குள் செய்வது, போலீஸ் வரைந்த விபத்து இட வரைபடத்தையும் படங்களையும் வாங்கி வைப்பது, அரசாங்க மருத்துவமனையின் அறிக்கைக்கு மனுப் போடுவது ஆகிய எல்லாவற்றையும் காயமடைந்தவரின் வீட்டார் வழக்கறிஞர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். தவறு மோட்டார் சைக்கிளுடையது என்று போலீஸ் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். போலீஸின் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

காலவரம்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கான வழக்குக்கு ஆறு ஆண்டு. இறந்தவரின் குடும்பம் தொடுக்கும் வழக்குக்கு மூன்று ஆண்டுதான். கருமாதியும் கடனும் முடிந்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது ஓடிவிடும். சிங்கப்பூரில் காயத்துக்கே மூன்று ஆண்டு.

பின்னால் அமர்ந்தவர்

இந்த வரலாற்றில் இன்னும் முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. கணவர் ஓட்டுகிறார்; மனைவி பின்னால் அமர்ந்திருக்கிறார். நடுவில் பிள்ளை. நம் ஊர்களில் காலை ஏழு மணிக்குத் தமிழ்ப்பள்ளி வாசலில் நின்று பார்த்தால் போதும். இன்னொரு வண்டி தவறாக வந்து மோதினால், அந்த வண்டியின் காப்புறுதிக்கு மனைவியும் பிள்ளையும் மூன்றாம் தரப்பு. அதில் தடையில்லை. ஆனால் கணவரே நிலைதடுமாறிக் கீழே போட்டுவிட்டால்? அல்லது தவறு முழுவதும் கணவருடையது என்று தீர்ப்பு வந்தால்? மனைவி சட்டப்படி கணவர் மீது வழக்குப் போடலாம். அந்தத் தொகையைக் கணவரின் காப்புறுதி கொடுக்குமா?

1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. கட்டணத்துக்கோ வேலை ஒப்பந்தத்தின் பேரிலோ ஏற்றிச் செல்லப்படுபவர்களைத் தவிர, வண்டியில் பயணம் செய்பவர்களுக்குக் காப்பு கட்டாயமில்லை. 1930-இல் இங்கிலாந்து எழுதிய விலக்கு இது. அங்கே 1971-இல் தனிச் சட்டம் இயற்றி, 1972 டிசம்பர் முதல் பயணிகளுக்கும் காப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். விலக்கை எழுதியவர்களே அதை அழித்துவிட்டார்கள். சிங்கப்பூரும் அழித்துவிட்டது. மலேசியா 1987-இல் புதிய சட்டம் எழுதியபோது அதை அப்படியே வைத்துக்கொண்டது. 1984-இல் காப்புறுதி நிறுவனங்களின் சுமையைக் குறைக்கச் சிவில் சட்டத்தைத் திருத்த முடிந்த நாடாளுமன்றத்துக்கு, மூன்று ஆண்டு கழித்துப் பின் இருக்கையில் அமர்ந்தவரைச் சேர்த்துக்கொள்ள மனம் வரவில்லை.

பின்னால் அமர்பவருக்கான காப்பைத் தனியாகக் கேட்டு, கூடுதல் சந்தா கட்டி, காப்புறுதிப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சாலை வரி புதுப்பிக்கும் முகப்பில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் அவர்களும் சொல்வதில்லை. ஆகவே ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலை ஒரே வண்டியில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கணவன் மனைவியைப் பாருங்கள். பாலத்தின் அந்தப் பக்கத்தில், பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் காப்பு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மாலையில் திரும்பி வந்து உட்லண்ட்சைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கிவிட்டால், பத்திரத்தில் அந்த ஒரு வரி சேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.